யாருக்காகச் செய்கிறோம்? கொழும்பில் எழுதவும் வரையவும் பாடவும் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பகலில் ஒரு வேலைக்குப் போய்வந்து, மாலையில் கதையோ கவிதையோ எழுதுகிற, படம் வரைகிற, வீணையோ மிருதங்கமோ பயில்கிற, அதைத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகளே ஆன கொழும்புத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிற் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: யாரும் கவனிக்காத ஒன்றை எதற்காகத் தொடர்ந்து செய்ய வேண்டும்? நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். இலக்கியக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருபவர்களிற் பெரும்பாலானோருக்கு என் பெயர் தெரியாது. ஆயினும் எழுத்து எனக்கு அர்த்தமுள்ள வேலையாகவே இருந்து வருகிறது. அது தானாக அமையவில்லை. சில காரியங்களைச் செய்யத் தொடங்கிய பிறகே அமைந்தது. அவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

நோக்கம் என்பதைத் தனியே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. செய்கிற வேலை யாரைப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானித்து, அவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அது தொலையாமல் இருக்க ஓர் இடமும் பார்த்து வைத்துவிட்டால், நோக்கம் அந்த வேலைக்குள்ளேயே வந்து குடியேறிவிடுகிறது. கீழே வரும் படிகள் யாவும் இதைச் சுற்றியவையே.

முதற்படி: இரண்டு கணக்குகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியை (தடித்த அட்டைக் குறிப்பேட்டை) எடுத்து, நடுவில் விரித்து வையுங்கள். இடப்பக்கத்தில், இந்தக் கலையிலிருந்து உங்களுக்கு வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுபவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். பத்திரிகையில் பெயர் வருவது, பரிசு, மேடையில் பொன்னாடை, உறவினர் மத்தியில் மதிப்பு ஆகிய யாவும் அங்கே வரலாம். வலப்பக்கத்தில், உங்கள் பெயர் எங்கும் அச்சாகப் போவதில்லை என்று இன்றே உறுதியாகத் தெரிந்துவிட்டாலும் நீங்கள் செய்ய விரும்புபவற்றை எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் பொதுவாக எழுதுவதால் பயனில்லை. "நல்ல கதைகள் எழுத வேண்டும்" என்பதை விட, "அம்மம்மா இடம்பெயர்ந்து வந்தபோது கொண்டுவந்த ஒரேயொரு பித்தளைச் செம்பைப் பற்றி எழுத வேண்டும்" என்பது மேல். ஓவியராயின், கொச்சிக்கடையில் மாலை ஐந்தரை மணிக்கு விழும் வெயிலை நீர்வண்ணத்திற் பிடிக்க வேண்டும் என்று எழுதலாம். பாடுபவராயின், ஆனந்தபைரவியில் ஒரு கீர்த்தனையைத் தடங்கலின்றிப் பாட வேண்டும் என்று எழுதலாம்.

இடப்பக்கத்தில் எழுதியவற்றுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பாராட்டை விரும்புவது மனித இயல்பு; அதைத் துறந்தவர்போல நடிப்பவர்கள் பிற்காலத்தில் அதிகம் கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கு வேலையில் நான் தினமும் காணும் ஒன்று உண்டு: இரண்டு வியாபாரங்களின் வரவு செலவை ஒரே ஏட்டில் எழுதினால், நன்றாக நடக்கிற வியாபாரமும் நட்டத்தில் ஓடுவதுபோலத் தோன்றும். கலையிலும் அதுவே நேர்கிறது. கதை நன்றாக வந்த மாதத்தில், அது பிரசுரமாகவில்லை என்பதற்காக அந்த மாதமே வீணானதாக நாம் எழுதிக்கொள்கிறோம்.

இவ்விரண்டும் கலந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்களான மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்டிருந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் அழகிய சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்த பின்னர் அதே சான்றிதழ் கொடுக்கப்பட்டது. எஞ்சியோருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. சில நாட்கள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விடப்பட்டபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமற் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. பரிசைக் குறிவைத்துச் செய்யத் தொடங்கியதுதான் அவர்களின் விருப்பத்தைத் தின்றது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். எனவே வலப்பக்கத்தில் உள்ளவற்றிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு அதுவே உங்கள் வேலை.

இரண்டாம் படி: ஓர் ஆளைத் தெரிந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். "வாசகர்கள்" என்று ஒரு கூட்டத்தை நினைத்து எழுதும்போது, அந்தக் கூட்டத்துக்கு முகம் இல்லை, காது இல்லை, பசியும் இல்லை. அதனிடமிருந்து நமக்குக் கிடைக்கக்கூடியது எண்ணிக்கை ஒன்றே. எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்பதைத் தவிர வேறெதையும் அதனிடம் நாம் கேட்க முடியாது. உண்மையில் இருக்கிற ஒருவரை நினைத்துச் செய்தால், கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிடும்: இவருக்கு இது விளங்குமா, இவருக்கு இதில் என்ன தேவை, அடுத்த கிழமை இவரிடம் எதைக் கொண்டுபோகலாம்?

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசித்தார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வாழ்நாள் முழுவதும் வாசித்தவர். கண்பார்வை மங்கிய பிறகு அவரால் பத்திரிகைத் தலைப்பைக்கூடப் படிக்க இயலாமற் போயிற்று. ஒரு போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறையில்), மரக்கறி வாங்கிக் கொடுக்கப் போன இடத்தில், அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் மிகவும் அழகென்று நினைத்திருந்த பந்தியில் அவர் கையை உயர்த்தி, "பிள்ளை, அவள் ஏன் திரும்பிப் போனவள் எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்த இடத்தை இன்னொருக்கா வாசியும்" என்றார். திரும்ப வாசித்தபோது எனக்கும் விளங்கவில்லை. அதுவரை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்குச் சொல்லாத ஒன்றை, பார்வை மங்கிய ஒரு வாசகி தன் காதினாற் பிடித்துவிட்டார்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள், ஒவ்வொரு போயா தினத்திலும் மாலை நான்கு மணிக்கு ரீச்சருக்கு ஏதாவது வாசித்துக் காட்டினேன். என் கதை முடிந்திராவிட்டால் வேறொருவரின் கதையை வாசித்தேன். எதற்காக எழுதுகிறேன் என்ற கேள்வி அந்த ஏழு ஆண்டுகளில் ஒருமுறையேனும் எனக்கு எழவில்லை. அடுத்த போயாவுக்கு ரீச்சருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியே இருந்தது. அவர் லண்டனில் உள்ள மகனிடம் போன பிறகுதான், அந்தக் காலம் எனக்கு என்ன செய்திருந்தது என்பதை உணர்ந்தேன்.

உங்களுக்கான ஆளைத் தேட நீங்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவாள் என்ற நிலையில் ரொறன்ரோவில் வளரும் பெறாமகளுக்காகச் சிறிய, எளிய கதைகளை எழுதிக் குரற்பதிவாக அனுப்பலாம். முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்காக, அவர் இளமையிற் கேட்ட பாடல்களைப் போய்ப் பாடலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடைக்காரரின் முகத்தை வரைந்து அவரிடமே கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அவர் உங்களைப் பாராட்டக் கடமைப்பட்டவராக இருக்கக் கூடாது. தாய், கணவன், நெருங்கிய தோழி ஆகியோரை இதற்குத் தெரிந்தெடுத்தால், அவர்கள் உங்களை மகிழ்விக்கப் பார்ப்பார்கள். வேலை பின்னுக்குப் போய்விடும்.

மூன்றாம் படி: நேரமும் இடமும்

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் சிறிய வீட்டிற் பலர் சேர்ந்து வாழ்கிறோம். தனி அறைக்காகக் காத்திருந்தால் ஆயுள் போதாது. ஒரு நாளுக்கு நாற்பது நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கிடைத்தாற் போதும். எனக்கு அது காலை ஐந்து மணியும் சமையலறை மேசையும். கரையோர ரயிலில் கோட்டைக்குப் போகும்போது கொப்பியில் எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் சனிக்கிழமைகளில் அமர்ந்து எழுதுகிற இளைஞர்களையும் தெரியும். 1942இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையில் உள்ளது. புதியவர்கள் கூச்சப்படாமற் போய் வரலாம். பௌர்ணமி தோறும் வரும் போயா விடுமுறை இந்நாட்டில் வேலைக்குப் போகும் கலைஞருக்குக் கிடைத்த பெரும் வசதி. அதை உறக்கத்துக்கும் உடுப்புத் துவைப்பதற்கும் முழுமையாகக் கொடுத்துவிடாதீர்கள். வேலை செய்த நாளின் திகதியையும், செய்தது என்ன என்பதை ஒரே வரியிலும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். வேறு கணக்கு வேண்டாம்.

நான்காம் படி: சிறியதாய் எடுத்து முடியுங்கள்

தொடங்குவோரில் மிகப் பலர் பெரிய நாவலோடு தொடங்குகிறார்கள். மூன்றாண்டுகள் கழித்து அவர்களிடம் இருநூறு பக்கங்கள் இருக்கும். யாரிடமும் கொடுக்கக்கூடிய ஒரு பக்கம் இருக்காது. முடிக்காத வேலையை யாருக்கும் கொடுக்க முடியாது. கொடுக்காத வேலைக்கு நோக்கம் பிறப்பதில்லை. எனவே முதல் ஆண்டில் ஐந்து பக்கத்துக்கு மேற்படாத கதைகளையும், ஒரு தாளுக்குள் அடங்கும் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: நீங்கள் அருகில் நின்று விளக்கம் சொல்லாமல், அது தானாகவே அந்த ஆளிடம் போய் நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: மூன்று நான்கு பேர் சேர்ந்த வட்டம்

ஓர் ஆளிடம் கொடுத்துப் பழகிய பிறகு, அதே வேலையைச் செய்யும் மூவர் நால்வரோடு மாதம் ஒருமுறை கூடுங்கள். ஆறு பேருக்கு மேற்பட்டால் அது கூட்டமாகிவிடும்; தலைவர், செயலாளர், நன்றியுரை எல்லாம் வந்து சேர்ந்துவிடும். எங்கள் வட்டத்தில் மூன்று விதிகளை வைத்திருக்கிறோம். முடித்த படைப்பையே கொண்டுவர வேண்டும். எழுதியவரே வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் முதலில் தாம் கேட்ட கதை என்ன என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது விதியின் பயன் பெரிது. "நன்றாக இருந்தது" என்பதிலிருந்து நாம் எதையும் கற்க முடியாது. கேட்டவர் கதையைப் பிழையாகத் திரும்பச் சொல்லும்போது, எந்த இடத்தில் வழி மறைந்தது என்பது தெரிந்துவிடும்.

வட்டத்தில் தேறியதை வெளியேயும் அனுப்புங்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் பல தலைமுறைப் புதிய எழுத்தாளர்களின் முதற் படைப்புகளை வெளியிட்ட நாளிதழ்கள். அவற்றின் வார இதழ்ப் பக்கங்களுக்கு அனுப்பலாம். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஞானம் போன்ற சஞ்சிகைகளுக்கும் அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் எழுத்துருவைக் கவனியுங்கள்: ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்தால் எங்கும் திறந்து படிக்கலாம், ஆயினும் நம் நாட்டு அச்சகங்களில் பாமினி எழுத்துரு நீண்ட காலம் புழங்கியது, இன்னமும் அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதையக்கூடும். மாற்றிய பிரதியை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அனுப்பிய திகதியைக் குறித்துவிட்டு அடுத்த கதைக்குப் போங்கள். மூன்று மாதம் பதில் வராவிட்டால் ஒருமுறை மரியாதையாகக் கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையேல் வேறிடத்துக்கு அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கும் ஒரு மனிதரின் மேசையில் நூறு தாள்களுக்கு அடியில் உங்கள் தாள் கிடக்கிறது. அங்கே நிலவும் மௌனத்துக்குக் கதையின் தரத்தோடு பெரும்பாலும் தொடர்பு கிடையாது.

ஓவியர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தையில், பெயர் பெற்றவரும் பெயரற்றவரும் அருகருகே தம் படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு நிற்பார்கள். முதல் தடவை பார்வையாளராகப் போய், யார் எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் படி: புத்தகத்துக்கும் மேடைக்கும் முன், பணத்தை எண்ணிப் பாருங்கள்

நம்மிடையே ஒரு வழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுதுபவர் ஒரு நூல் போட்டுத்தான் ஆக வேண்டும்; நூல் போட்டால் விழா வைத்துத்தான் ஆக வேண்டும். ஆசியுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள் என்று அழைப்பிதழ் நிறைந்துவிடும். என் முதற் தொகுப்புக்கு நானும் அப்படியே செய்தேன். சேமிப்பும் அக்காவிடம் வாங்கிய கடனும் சேர்த்து 500 பிரதிகள் அச்சிட்டேன். விழாவில் ஏறத்தாழத் தொண்ணூறு பிரதிகள் போயின. விற்றுத் தருவதாகச் சொல்லி ஒருவர் எடுத்துச் சென்ற நூறு பிரதிகளுக்குக் கணக்கு இன்றுவரை வரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டவை கட்டிலின் கீழே கிடந்தன; இரண்டு மழைக்காலங்களில் கடற்காற்றின் ஈரம் ஏறி, ஓரங்கள் பழுத்துப்போயின. கடனைத் தீர்க்க மூன்று ஆண்டுகள் எடுத்தன. அந்த மூன்று ஆண்டுகளில் நான் எழுதியது இரண்டே கதைகள். புத்தகம் போட்டது தவறென்று நான் சொல்லவில்லை. முதற்படியில் நாம் பிரித்து எழுதிய இரண்டு கணக்குகளையும் அன்று நான் பிரிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

நடனத்திலும் இசையிலும் அரங்கேற்றம் இதே இடத்தைப் பிடித்திருக்கிறது. பெருஞ்செலவில் அரங்கேற்றம் முடித்து, உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு சலங்கையைத் தொடாத பிள்ளைகள் என் உறவினர் வட்டத்திலேயே மூவர் இருக்கிறார்கள். அவர்கள் ஆடிய ஆட்டம் நன்றாகவே இருந்தது. அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள் யாருக்காக ஆடுவது என்பதை மட்டும் அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே என் ஆலோசனை இது. முதல் நூலுக்குக் கடன் வாங்காதீர்கள். நகை அடகு வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் தாள் கிடைக்காமல் இந்நாட்டின் சில நாளிதழ்களே அச்சை நிறுத்த நேர்ந்தது. அதன் பின்னர் அச்சுச் செலவு முன்போல் இல்லை. நூறு பிரதிகளோ அதற்கும் குறைவாகவோ கணினிவழி அச்சிட்டுத் தரும் அச்சகங்கள் இப்போது கொழும்பில் உண்டு. ஒரு பிரதிக்கு விலை சற்றுக் கூடினாலும், மொத்தச் செலவு உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிடின், முப்பது பிரதிகளை நகலெடுத்து, நூலாற் தைத்து, உரிய முப்பது பேரிடம் நேரே கொடுங்கள். என் இரண்டாம் தொகுப்பை அப்படித்தான் செய்தேன். அதைப் பற்றி எனக்கு வந்த கடிதங்கள் முதல் நூலுக்கு வந்தவற்றைவிட அதிகம்.

ஏழாம் படி: மற்றவர் வேலைக்குக் கை கொடுங்கள்

ஈழத்து எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் வாழ்க்கையை இளையவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. முடி திருத்தும் தொழில் செய்த குடும்பத்திற் பிறந்தவர். தம் சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கை அரசின் இலக்கியப் பரிசான சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். அந்தப் பரிசோடு நின்றிருந்தாலும் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும். ஆனால் அதன் பின்னர், 1966 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற சஞ்சிகையைத் தொடங்கி, பிற்காலத்தில் கொழும்புக்கு வந்தும் நடத்தி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களின் எழுத்தை அச்சிடுவதற்கே தம் உழைப்பைக் கொடுத்தார். இதழ்களைத் தாமே சுமந்து சென்று கையிற் கொடுத்து விற்றார். அட்டையில் மற்றப் படைப்பாளிகளின் படங்களை வெளியிட்டார். பரிசு அவருக்குக் கொடுத்ததைவிட அந்த நடை அவருக்கு அதிகம் கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். இல்லாவிட்டால் ஒருவர் அவ்வளவு காலம் நடந்திருக்க மாட்டார்.

உங்களால் சஞ்சிகை நடத்த முடியாமலிருக்கலாம். மூப்படைந்த ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். நண்பரின் நூலுக்கு அச்சுப் பிழை திருத்தலாம். சிங்களத்தில் நன்றாக வாசிக்கத் தெரிந்தால் ஒரு சிங்களக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவரலாம். ஆண்டில் இத்தகைய ஒரு வேலையையாவது செய்யுங்கள். பிழை திருத்தும்போது வாக்கியம் எப்படி நிற்கிறது, எங்கே சரிகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். அது உங்கள் எழுத்துக்கும் வந்து சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புகழை எதிர்பாராதிருப்பதைக் காரணம் காட்டி, உங்கள் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளவோ உங்கள் பெயரை நீக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவான கணத்திலேயே அதன் உரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டியதில்லை. படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். உங்கள் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்பதும், விரும்பினாற் புனைபெயரில் வெளியிடுவதும், படைப்பைச் சிதைத்து வெளியிடுவதை எதிர்ப்பதும் அதே சட்டம் தரும் உரிமைகள். என் கதையொன்று ஒரு மலரில் வேறொருவரின் பெயரோடு வந்தபோது, பெருந்தன்மை என்று எண்ணி நான் பேசாதிருந்தேன். அது பெருந்தன்மையாக இருக்கவில்லை. பல மாதங்கள் மனதில் முள்ளாகக் கிடந்தது. ஒரு கடிதம் எழுதியிருந்தால் திருத்தம் போட்டிருப்பார்கள்.

எட்டாம் படி: தொலையாமல் வையுங்கள்

சங்கத் தொகை நூல்களில் இயற்பெயர் தெரியாத புலவர்கள் பலர் இருக்கிறார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று, அவரவர் பாடிய வரியிலிருந்து ஒரு தொடரை எடுத்து, அதையே பிற்காலத்தவர் அவர்களுக்குப் பெயராக வைத்தார்கள். பெயர் போய்விட்டது; பாட்டு நம்மிடம் இருக்கிறது. பாட்டு எப்படி வந்தது என்று கேட்டால், கறையானுக்கும் காலத்துக்கும் முந்திக்கொண்டு, பழுதடைந்த ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் திரும்பத் திரும்ப எழுதிய மனிதர்களால் வந்தது. அவர்களுக்குத் தொடராற் கிடைத்த பெயர்கூட இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சில் வெளியிட்டபோது, அவருடைய கையில் இருந்தவை அத்தகையோர் எழுதிய ஏடுகளே. மறுபுறம், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஒரே பிரதியாக ஓரிடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நம்மைவிட அறிந்தவர்கள் குறைவு.

எனவே ஒவ்வொரு முடிந்த படைப்புக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று தாளில் உங்கள் வீட்டில், ஒன்று கணினியில், ஒன்று வேறொருவர் வீட்டில். நூலாக அச்சிட்டால், கொழும்பு 7இல் சுதந்திர அவென்யூவில் உள்ள தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். என்னும் சர்வதேச நூல் எண்ணை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசிய சுவடிக் காப்பகத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்கப்பட வேண்டும். அதை அச்சகத்தார் செய்தார்களா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒன்று, உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள். ஈழத்துத் தமிழ் எழுத்துகளை 2005 முதல் எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கும் 'நூலகம்' என்னும் நிறுவனத்துக்கும் ஒரு பிரதியையும் உங்கள் எழுத்துபூர்வமான அனுமதியையும் கொடுங்கள். முப்பது பிரதி மட்டும் நகலெடுத்த சிறு தொகுப்பாக இருந்தாலும் தயங்க வேண்டாம். பிற்காலத்தில் ஒரு மாணவி, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் எதைச் சமைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று தேடும்போது, பெயர் பெற்ற நூல்களில் அது இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

படங்களின் பின்புறத்திலும் குரற்பதிவுகளின் தொடக்கத்திலும் கதைகளின் கடைசிப் பக்கத்திலும் நான்கு விடயங்களைப் பதிந்து வையுங்கள்: யார் செய்தது, எப்போது, எந்த ஊரில், யாருக்காக. என் கொப்பிகளிற் பலவற்றில் முதல் மூன்றும் இருக்கின்றன; நான்காவதை ரீச்சர் லண்டனுக்குப் போன பிறகே எழுதத் தொடங்கினேன். இப்போது பழைய கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நினைவில் உள்ளவரை, விடுபட்ட அந்த வரியைப் பென்சிலால் நிரப்பி வருகிறேன்.